‘ஸ்ரீ கெமுனு’ என்று விற்ற கறுவாக் கன்றுகள்: ஒரு டிஎன்ஏ நிகழ்வு ஆய்வு

கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் சித்த வைத்தியர் ஒருவர், கறுவா இலைகள் நிறைந்த ஒரு பொலித்தீன் பையையும் ஒரு டிஎன்ஏ அறிக்கையையும் எங்கள் ஆய்வுகூட மேசையில் வைத்தார். அறிக்கை வேறோர் ஆய்வுகூடம் கொடுத்தது. முத்திரை, கையொப்பம், டிஎன்ஏ எழுத்துகளின் வரிசைத்தொடர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதன் முடிவு ஒரே வரி: மாதிரி ‘சின்னமோமம் வேரம்’, அதாவது இலங்கைக் கறுவா.

“டிஎன்ஏ பாத்துச் சரியெண்டு எழுதியிருக்கு. ஆனா தோட்டத்துக்குப் போனா ஒரு பத்தை மாதிரி மற்றது இல்லை. இது என்ன கணக்கு, பிள்ளை?” என்றார்.

களுத்துறை மாவட்டத்தில் மத்துகமப் பக்கம் அவருடைய மனைவிக்குச் சீதனமாக வந்த காணி இருக்கிறது. பழைய இறப்பரை எடுத்துவிட்டுக் கறுவா நட்டிருந்தார். தாளிசாதி சூரணத்துக்கும் கடையில் விற்கும் பட்டைப்பொடிக்கும் சொந்தத் தோட்டத்துச் சரக்கே போதும், மிஞ்சுவதை ஏற்றுமதிக்காரரிடம் கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். கன்றுகளைத் தனியார் நாற்றுமேடை ஒன்றில் வாங்கினார். பற்றுச்சீட்டில் ‘ஸ்ரீ கெமுனு’ என்று எழுதியிருந்தது; ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் தெரிந்தெடுத்து வெளியிட்ட கறுவா வர்க்கம், அதாவது ஒரே இனத்துக்குள் ஒரு தனி வகை, அது. சாதாரணக் கன்றின் விலையைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுத்திருந்தார்.

மூன்றாம் வருடம் முதல் வெட்டுக்குக் காலிப் பக்கத்திலிருந்து பட்டை உரிப்பவர் ஒருவரை அழைத்தபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. அவர் தண்டின் மேற்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, கத்தி நுனியைக் கீறலில் விட்டு நெம்புகிறார். ஒரு தண்டில் பட்டை கையோடு வருகிறது. பக்கத்துத் தண்டில் எவ்வளவு தேய்த்தாலும் கட்டையோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகப் பிய்கிறது. ஒரு பத்தையில் கொழுந்து இரத்தச் சிவப்பு, அடுத்ததில் வெளிர்பச்சை, அதற்கடுத்ததில் கொழுந்தே இல்லை. அந்த மனிதர் வைத்தியரிடம் சொன்னது இவ்வளவுதான்: “மாத்தையா, இது ஒரு ஜாதி இல்லை.”

கறுவா தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். கொழுந்து சிவந்திருக்கும் நாள்களில் பட்டை கழராது. கொழுந்து முற்றிப் பச்சையானதும்தான் வெட்ட வேண்டும். தோட்டம் முழுவதும் ஒரே மரத்தின் பிரதிகளாக இருந்தால் கொழுந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் முற்றும். ஒரே கிழமையில் வெட்டி முடிக்கலாம். ஆளுக்கொரு மரபு என்றால் எந்த நாளில் வெட்டினாலும் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். உரிப்பவருக்குக் கூலி நட்டம், தோட்டக்காரருக்குச் சுருள், அதாவது சுருட்டிக் காயவைத்த பட்டை, நட்டம். விட்டம் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத, மிக உயர்ந்த ‘அல்பா’ தரச் சுருளுக்கு ஆசைப்பட்டுத்தான் இவ்வளவு பேரும் தேர்ந்த கன்று தேடுகிறார்கள்.

நாற்றுமேடைக்காரரிடம் முறையிட்டபோது அவர் நீட்டியதுதான் அந்த அறிக்கை. கன்று இலையைச் சோதித்தாயிற்று, இலங்கைக் கறுவா என்று வந்துவிட்டது, இனி என்ன பேச்சு என்பது அவருடைய கட்சி. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ பெயருக்குக் கொடுத்த புவியியல் குறியீட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் குறியீடு இனத்தையும் நாட்டையும் பற்றியது. வர்க்கத்தைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை.

அந்த அறிக்கை என்ன சொன்னது

அறிக்கையில் பிழை இல்லை. பச்சையவுருமணியில், அதாவது இலைக் கலத்துக்குள் பச்சை நிறம் தரும் உறுப்பில், உள்ள ‘ஆர்பிசிஎல்’ பரம்பரை அலகின் (ஜீனின்) ஒரு துண்டை வாசித்துத் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டிருந்தார்கள். தாவரங்களுக்கான டிஎன்ஏ பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் குறுந்துண்டாக, ‘ஆர்பிசிஎல்’, ‘மட்கே’ என்ற இரண்டும் 2009இல் சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்பட்டவை. மருந்து மூலிகைகளுக்கு ‘ஐரிஎஸ்2’ என்ற கருப்பகுதியையும் 2010இலிருந்து பலர் சேர்த்துக்கொள்கிறார்கள். பொடியாக வந்த சரக்கில் இலங்கைக் கறுவாவோடு அதன் உறவு இனமான சீனத்துக் கசியா கலந்திருக்கிறதா என்று பார்க்க இந்த வழி உதவும், பக்கத்தில் ஒரு கூமரின் பரிசோதனையும் இருந்தால். கூமரின் என்ற வாசனைப் பொருள் கசியாவில் மிக அதிகம். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். ஈரலுக்குக் கேடு என்பதால் உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வரம்பு வைத்திருக்கிறது. மருந்துக்காரருக்கு உண்மையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். வைத்தியரின் இலைகளை நாங்களும் ‘ஆர்பிசிஎல்’லோடு இன்னொரு பச்சையவுருமணித் துண்டையும் சேர்த்துப் பார்த்தோம். இலங்கைக் கறுவாதான். அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

முடியாதது வர்க்கக் கணக்கு. லொராசியே குடும்பத்தில், அதாவது கறுவாவும் அவகாடோவும் சேர்ந்த குடும்பத்தில், பச்சையவுருமணி டிஎன்ஏ மெதுவாகவே மாறுகிறது. சில வேளைகளில் நெருங்கிய இனங்களைப் பிரிப்பதற்கே அது தடுமாறும். இலங்கையில் பயிர்க் கறுவாவைத் தவிர இந்த மண்ணுக்கே உரிய காட்டுக் கறுவா இனங்கள் ஏழு இருக்கின்றன; அவற்றைப் பிரித்தறிவதே பெரிய வேலை. ஒரே இனத்துக்குள் ஸ்ரீ கெமுனுவையும் பக்கத்து வீட்டு வேலிக் கறுவாவையும் இந்தத் துண்டால் பிரிக்க முடியாது. கடவுச்சீட்டின் அட்டையில் நாட்டின் பெயரை வாசித்துவிட்டு உள்ளே இருப்பவர் இன்னார் என்று சொல்வதற்கு அது சமம்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பச்சையவுருமணி தாய்வழியாகவே வரும். ஸ்ரீ கெமுனு மரத்தில் பொறுக்கிய விதையிலிருந்து முளைத்த கன்றிலும் ஸ்ரீ கெமுனுவின் பச்சையவுருமணிதான் இருக்கும், தகப்பன் எந்த மரமாக இருந்தாலும். எங்களுக்கு இருந்த முக்கியமான சந்தேகமோ தகப்பனைப் பற்றியது.

விதையா, தண்டா

கறுவாப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. அது இரண்டு முறை திறக்கும்: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. சில மரங்களில் பெண்நிலை காலையில், ஆண்நிலை மறுநாள் பின்னேரம். மற்ற மரங்களில் இதற்கு எதிர்மாறு. அதனால் ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்துக்குப் பெரும்பாலும் பயன்படாது. தேனீயும் ஈயும் வேறு மரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஆகவே கறுவா விதை எதுவும் தாயைப் போல முளைப்பதில்லை. கிராமத்தில் சுவையை வைத்துப் பணி குருந்து, வெலி குருந்து, செவல குருந்து, கஹட்ட குருந்து (‘குருந்து’ என்றால் சிங்களத்தில் கறுவா) என்று இத்தனை பெயர் வைத்திருப்பதும் இந்தக் கலப்பால்தான்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இந்தக் கலவையிலிருந்து நல்ல மரங்களைத் தெரிந்தெடுத்து வெளியிட்ட வர்க்கங்கள்தான் ஸ்ரீ கெமுனுவும் ஸ்ரீ விஜயவும். மாத்தறை மாவட்டத்தில் திஹகொடப் பக்கம் பலொல்பிட்டியவில் உள்ள தேசிய கறுவா ஆராய்ச்சி நிலையத்தின் வேலை அது. இப்படித் தெரிந்தெடுத்த மரத்தை அதன் குணம் மாறாமல் பெருக்க வழக்கமான வழி, ஒரு கணுவும் ஓர் இலையும் உள்ள தண்டுத்துண்டை வேர்விடச் செய்வது. அதற்கு நிழல் வேண்டும், ஈரப்பதம் வேண்டும், பொறுமை வேண்டும்; ஒரு பங்கு அழுகியும் போகும். விதையோ சும்மா கிடைக்கிறது. பையொன்றில் மூன்று நான்கு விதையைப் போட்டால் ஒரே வருடத்தில் அடர்ந்த ‘பத்தை’ தயார். சந்தையில் ஸ்ரீ கெமுனு என்று வருவது ஸ்ரீ கெமுனுவா, ஸ்ரீ கெமுனுவின் பிள்ளையா என்ற சந்தேகம் இதனால்தான் வருகிறது.

தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலையாக மண்வெட்டிதான் எடுத்தோம். விதைக்கன்றுக்கு ஆணிவேர் இருக்கும்; தண்டுத்துண்டுக் கன்றுக்கு இராது. ஓரத்துப் பத்தைகள் சிலவற்றின் அடியைப் பக்கவாட்டில் தோண்டியபோது பலவற்றில் நேர்கீழாக இறங்கும் தடித்த வேர் தெரிந்தது. கொட்டகையை ஒட்டிய முதல் வரிசைகளில் அது இல்லை; அடிக்கட்டையிலிருந்து சுற்றிலும் நார்வேர்தான். வைத்தியர் அத்தோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வேர் சொல்வது விதையா தண்டா என்பதை மட்டும். எந்த மரத்தின் தண்டு, யாருடைய விதை என்று அது சொல்லாது. நட்டஈடு கேட்பதாக இருந்தால் அதுவும் தேவை.

மாதிரி எடுத்த விதம்

இத்தகைய தகராறுகளில் ஆய்வுகூடத்தைவிடத் தோட்டத்தில்தான் தவறு நடக்கும். வழக்கமாக எல்லாரும் பத்தைக்கு ஓர் இலை பறிப்பார்கள். ஒரு பையில் நான்கு விதை போட்டிருந்தால் அந்தப் பத்தை நான்கு வேறு வேறு மரங்கள். எனவே தண்டுக்கு ஓர் இலை என்று எடுத்து, அதே தண்டில் அலுமினியத் தகட்டில் எண் குத்திக் கட்டினோம். சில பத்தைகளில் எல்லாத் தண்டுகளிலும் எடுத்தோம், பலவற்றில் ஒன்றில் மட்டும். வரிசைகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தோம். உரிமையாளர் கைகாட்டுகிற ‘மோசமான’ பத்தைகளை மட்டும் எடுத்தால் முடிவு அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

எத்தனை எடுப்பது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வேற்றுக் கன்று இருந்தால் அதில் ஒன்றாவது அகப்பட 95 சதவீத நிச்சயம் வேண்டுமென்றால் 29 மாதிரி போதும். இருபதில் ஒரு பங்குதான் என்றால் 59 வேண்டும். வைத்தியரின் தோட்டத்தில் கண்ணாலேயே வேற்றுமை தெரிந்ததால் முதல் கணக்கைச் சற்றே தாண்டினால் போதும் என்று முடிவெடுத்தோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம் ஒப்பிடுவதற்கான தாய்மரம். ‘இது ஸ்ரீ கெமுனு’ என்று எந்த இயந்திரமும் சொல்லப்போவதில்லை. இந்த இலையும் அந்த இலையும் ஒரே ஆளா என்பதை மட்டுமே அது சொல்லும். ‘அந்த இலை’ நம்பத்தக்க இடத்திலிருந்து வராவிட்டால் முழு வேலையும் வீண். உரிய அனுமதியோடு ஆராய்ச்சி நிலையத்தின் தாய்மரங்களிலிருந்து ஸ்ரீ கெமுனு, ஸ்ரீ விஜய இரண்டினதும் இலை பெற்றோம். ஸ்ரீ விஜய எதற்கு என்று வைத்தியர் கேட்டார். நாங்கள் பாவிக்கும் மார்க்கர்கள், அதாவது டிஎன்ஏயில் ஒப்பிட்டுப் பார்க்கும் அடையாள இடங்கள், இந்த இரண்டு வர்க்கங்களையே பிரிக்கவில்லை என்றால், மற்றவை ஸ்ரீ கெமுனுவோடு ஒத்துப்போவதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

தாய்மர இலையொன்றை இரண்டாகக் கிழித்து இரண்டு எண்களில் கட்டுக்குள் ஒளித்தும் வைத்தோம். ஆய்வுகூடத்தில் மாதிரிகளைச் சோதித்தவருக்கு எது எதுவென்று தெரியாது. அந்த இரண்டும் ஒரே விடை தராவிட்டால் மற்ற விடைகளை நம்பத் தேவையில்லை.

கறுவா இலையோடு மல்லுக்கட்டு

நெல் இலையில் டிஎன்ஏ எடுத்துப் பழகிய கை கறுவாவில் திணறும். இலையைத் திரவ நைதரசனில் பொடித்துக் கரைசலில் போட்டதும் குழாய்க்குள் மூக்குச்சளி மாதிரி ஒன்று திரளும். அது பசைச்சர்க்கரை. டிஎன்ஏயைப் படியவைக்கும்போது அதுவும் கூடவே படிந்து, டிஎன்ஏத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் வினையை நிறுத்திவிடும். இலையில் உள்ள பொலிபினோல்கள் என்ற சேர்மங்கள் வேறு, சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கபில நிறமாக்கும். 1987இலிருந்து உலகம் முழுக்க டிஎன்ஏ பிரித்தெடுக்கப் பாவிக்கப்படும் சிரிஏபி முறையையே நாங்களும் எடுத்துக்கொண்டோம், இரண்டு மாற்றங்களோடு: பொலிபினோலைப் பிடிக்கப் பிவிபி என்ற பொருளைச் சேர்த்தோம், பசையைக் கரைசலிலேயே தங்கவைக்க உப்பின் செறிவைக் கூட்டினோம். சிவப்பு மங்கி, முற்றத் தொடங்காத இலைதான் நல்லது. முற்றிய இலையில் பசை தாங்க முடியாது. பறித்த உடனே சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்தியதால் மத்துகமவிலிருந்து கொழும்பு வரும் பஸ் சூட்டிலும் இலை கெடவில்லை.

மார்க்கராகத் தெரிந்தது எஸ்எஸ்ஆர். டிஎன்ஏயில் சில இடங்களில் ‘ஜிஏஜிஏஜிஏ’ என்று குறுந்துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த இடத்தைப் பிசிஆரால் பெருக்கி நீளத்தை அளந்தால் போதும். 1990இல் வந்த ஆர்ஏபிடி என்ற இன்னொரு மார்க்கர் முறை இதைவிட மலிவு. முன்கூட்டி வரிசைத்தொடர் தெரியவும் தேவையில்லை. ஆனால் மக்னீசியத்தின் அளவும் இயந்திரமும் மாறினால் கிடைக்கும் டிஎன்ஏ கோடுகளும் மாறும். வகுப்பில் கற்பிக்க அது நல்ல முறைதான். எதிர்த்தரப்பு இன்னோர் ஆய்வுகூடத்தில் திருப்பிச் செய்து பார்க்கக்கூடிய தகராறில் நான் அதைத் தொடமாட்டேன்.

எஸ்எஸ்ஆரின் பெரிய வசதி, ஒரு மரத்தின் இரண்டு எதிருருக்களும், அதாவது ஒரே இடத்தில் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும், தனித்தனியாகத் தெரிவது. உதாரணத்துக்கு ஓரிடத்தில் தாய்மரத்தின் நீளங்கள் 152, 160 என்று வையுங்கள். தண்டுத்துண்டுக் கன்றென்றால் அதிலும் 152, 160தான், ஒவ்வோர் இடத்திலும் இப்படியே. விதைக்கன்றென்றால் ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து: 152, 148 என்று வரலாம், 160, 171 என்றும் வரலாம். ஆனால் 152, 160 இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இரண்டுமே இல்லாத இடங்கள் பல தென்பட்டால் அது அந்தத் தாயின் பிள்ளையே அல்ல. மனிதரில் தந்தைமை பார்க்கும் அதே தர்க்கம், இங்கே தாய்மைக்கு.

முடிவுகள்

ஒளித்து வைத்த இரட்டை மாதிரி ஒன்றாகவே வந்தது. ஸ்ரீ கெமுனுவும் ஸ்ரீ விஜயவும் தெளிவாகப் பிரிந்தன.

தோட்டத்து மாதிரிகள் மூன்று கூட்டமாக விழுந்தன. கொட்டகையோரத்து முதல் வரிசைகள், அதாவது ஆணிவேர் இல்லாதவை, எல்லா இடங்களிலும் தாய்மரத்தோடு இரண்டு எதிருருவிலும் ஒத்தன. அவை அசல். மிகப் பெரிய கூட்டம் குறைந்தது ஓர் எதிருருவிலாவது ஒத்து, பல இடங்களில் மற்றதில் விலகியது: தாயின் பிள்ளைகள், பல தகப்பன்களோடு. சில தண்டுகள் இரண்டிலும் சேரவில்லை. எல்லாத் தண்டிலும் இலை எடுத்த பத்தைகளில் ஒரே பத்தைக்குள் வேறு வேறு தகப்பன்களின் பிள்ளைகள் அருகருகே நின்றன. பட்டை உரிப்பவரின் பித்தளைக் கோல் கண்டுபிடித்தது இதைத்தான்.

ஓரிடம் மட்டும் எங்களை அலைக்கழித்தது. அந்த மார்க்கரில் தாய்மரத்துக்கு வரைபில் ஒரே சிகரம்தான், அதாவது ஒரே நீளம்தான், வந்தது. மற்ற எல்லா இடங்களிலும் பிள்ளையாக நின்ற சில தண்டுகள் இங்கே வேறொரு தனிச் சிகரத்தைக் காட்டின. மேலோட்டமாகப் பார்த்தால் ‘தாய் இவளல்ல’. ஆனால் இந்த மார்க்கர்கள் கறுவாவின் சகோதர இனமொன்றில் உருவாக்கப்பட்டவை. பிசிஆரைத் தொடக்கிவைக்கும் குறுந்துண்டான ‘தொடங்கி’ ஒட்ட வேண்டிய இடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தால் அந்த எதிருரு பெருகாது. இருந்தும் இல்லாதது போல மறைந்துவிடும். தாயிடம் ஒன்று தெரிவது, ஒன்று மறைந்தது. பிள்ளை பெற்றது மறைந்ததை. ஒட்டும் வெப்பநிலையைச் சில பாகை இறக்கி மறுபடி ஓட்டியதும் மங்கலாக இரண்டாவது சிகரம் எழுந்தது. ஓரிடத்து முரண்பாட்டை வைத்து யாரையும் வெளியே தள்ளுவதில்லை என்ற எங்கள் விதி இத்தகைய சந்தர்ப்பத்துக்குத்தான்.

அறிக்கையின் சொற்களுக்கு நேரம் செலவழித்தோம். ‘போலிக் கன்று’ என்று எழுதவில்லை. முதல் கூட்டம் ‘பரிசோதித்த மார்க்கர்கள் எல்லாவற்றிலும் ஸ்ரீ கெமுனுத் தாய்மரத்திலிருந்து பிரித்தறிய முடியாதவை’. இரண்டாவது ‘அதன் பிரதிகள் அல்ல, அதன் விதையிலிருந்து வந்தவையாக இருப்பதற்கு முரணில்லாதவை’. மூன்றாவது ‘பிரதியும் அல்ல, பிள்ளையும் அல்ல’. கடைசியில் ஒரு வரி: எல்லாமே இலங்கைக் கறுவா, மருந்துக்குப் பாவிப்பதில் இந்த முடிவால் தடை எதுவும் இல்லை. வைத்தியருக்கு அந்த வரிதான் பெரிய ஆறுதல். ஏற்கெனவே அவர் விற்ற சூரணத்தைப் பற்றித்தான் உள்ளுக்குள் பயந்திருக்கிறார்.

பிறகு நடந்தது

நாற்றுமேடைக்காரர் முதலில் கோபப்பட்டார், பிறகு கணக்குப் போட்டார். விதை ஸ்ரீ கெமுனு மரத்தில்தான் பொறுக்கியது, அதனால் பெயர் பொய்யில்லை என்பது அவருடைய வாதம். மூன்றாவது கூட்டத்துக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு தரப்பும் வழக்குக்குப் போகாமல் பேசி முடித்தார்கள்: விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு பணமாக, மிகுதிக்குத் தண்டுத்துண்டுக் கன்றுகள். நான் வைத்தியருடைய இடத்தில் இருந்திருந்தால் முழுவதையும் கேட்டிருப்பேன். ஆனால் மூன்று வருட மழையையும் கூலியையும் எந்தச் சமரசமும் திருப்பித் தராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்தைப் பிடுங்க வேண்டாம் என்றோம். எண் கட்டிய அசல் தண்டுகளைத் தாயாக வைத்து அவரே துண்டு எடுத்து, பத்தைகள் சாகச் சாக இடைவெளியில் நடலாம். வேடிக்கை என்னவென்றால், உரிப்பவர் தோட்டத்திலேயே மிக நல்ல பட்டை என்று காட்டிய தண்டு பிரதியும் அல்லாத, பிள்ளையும் அல்லாத மூன்றாவது கூட்டத்தில் ஒன்று. அதை வெட்டாமல் விடச் சொல்லியிருக்கிறார். நல்ல மரம் எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் பெயரில்லாமல் நின்றதுதானே என்று வைத்தியரும் விட்டுவிட்டார்.

மாற்றுக் கன்றுகளுக்குச் சோதனை முறையையும் மாற்றினோம். ஆயிரம் கன்று வந்த பிறகு இலை பறிப்பதைவிட, நாற்றுமேடைக்காரர் துண்டு வெட்டும் சில தாய்ப்பத்தைகளை முன்கூட்டியே சோதித்து எண் கட்டிவிடுவது செலவு குறைவு, சண்டையும் குறைவு. தாய்ப்பத்தைகளின் இலை சிலிக்கா ஜெல்லில் இரண்டு கட்டாக இருக்கும், வாங்குபவரிடம் ஒன்று, விற்பவரிடம் ஒன்று. புதிய பற்றுச்சீட்டில் வர்க்கத்தின் பெயரோடு தாய்ப்பத்தையின் எண்ணும், ‘ஒரு கணுத் தண்டுத்துண்டு, பைக்கு ஒரு கன்று’ என்ற வரியும் இருக்கின்றன. அந்த வரியைச் சேர்க்காமல் முற்பணம் கொடுக்கமாட்டேன் என்று வைத்தியர் நின்றாராம்.